மக்கரேனாவுக்கு ஆடுகிறோம், அவள் கதை தெரியுமா?

பேருந்துஜன்னல்:

அக்கா மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டு விழாவில் அவள் வகுப்பு மக்கரேனாவுக்கு ஆடுகிறது. இருபது நாளாக வீட்டில் இதே பாட்டுதான். கையை நீட்டு, புரட்டு, தோளில் வை, பின்னந்தலையில் வை, இடுப்பில் வை, ஒரு குதி குதித்துத் திரும்பு. நேற்று ராத்திரி தோசையைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்: "மாமா, மக்கரேனா யாரு? எதுக்கு அவளையே கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க?"

தெரியவில்லை. போனில் தேடினேன். தேடாமலே இருந்திருக்கலாம். மக்கரேனாவுக்கு ஒரு காதலன், பெயர் விட்டோரினோ. அவன் பட்டாளத்தில் சேர்ந்து கொடிக்கு முன்னால் நின்று உறுதிமொழி எடுக்கிறான். அந்த நேரத்தில் இவள் இரண்டு நண்பர்களோடு கும்மாளம் போடுகிறாள். அவ்வளவுதான் கதை. இதை நாலாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது? "அது ஒரு அக்கா பேரு, சட்னி தொட்டுக்கோ" என்று முடித்துவிட்டேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கல்யாண வீட்டிலும் ஆண்டு விழாவிலும் நாம் குதிக்கிற மற்ற லத்தீன் பாட்டுகளும் இந்த ரகம்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நல்ல பாட்டாக நாலு பரிந்துரைத்தால் புண்ணியமாகப் போகும், மக்கரேனா காதில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது.

சந்தேகப்பிராணி:

முதல் கேள்வியே தப்பு. மக்கரேனா ஸ்பெயின் பாட்டு. லத்தீன் இசை என்றால் லத்தீன் அமெரிக்கா. அட்லாண்டிக் கடல் நடுவில் கிடக்கிறது, கவனிக்கவும்.

கப்பல்காரன்:

தம்பி சந்தேகம் சொல்வதில் பாதி சரி. பாடியவர்கள் லோஸ் தெல் ரியோ என்ற இருவர். ஸ்பெயினில் செவியா பக்கம் தோஸ் எர்மானாஸ் என்ற ஊர்க்காரர்கள். ஆனால் பாட்டு பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், லத்தீன் அமெரிக்காவில். 1992-ல் வெனிசுவேலாவின் கராகஸில் ஒரு விருந்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் பிளமெங்கோ ஆடியதைப் பார்த்து, இருவரில் ஒருவரான அந்தோனியோ ரொமேரோ அந்த இடத்திலேயே பல்லவியை எடுத்துவிட்டிருக்கிறார். 1993-ல் பதிவானது. உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பதிவு அல்ல. மயாமியைச் சேர்ந்த பேசைட் பாய்ஸ் ஆங்கில வரிகள் சேர்த்துச் செய்த மறுகலவைதான் 1996-ல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த வருடம் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் எல்லாம் எழுந்து நின்று ஆடினார்கள். விட்டோரினோவை யார் நினைத்தார்கள்?

அப்புறம், லத்தீன் கிராமி விருது ஸ்பானிய, போர்த்துகீசிய மொழி இசைக்கானது. கண்டம் பார்ப்பதில்லை. ஸ்பெயின்காரி ரொசாலியா அங்கே சிறந்த ஆல்பம் விருதை இரண்டு முறை வாங்கிவிட்டார்.

கோலாலம்பூர் குயிலி:

பேருந்துஜன்னல், உங்கள் பள்ளியில் டெஸ்பசீத்தோ போடாததற்குச் சந்தோஷப்படுங்கள். 2017-ல் அது மலேசியாவைப் படுத்தியபாட்டை மறக்க முடியாது. எங்கள் பேட்டையில் நோன்புப் பெருநாள் சந்தைக்குப் போனாலும் அதுதான், சிகை அலங்காரக் கடையிலும் அதுதான். ஆறு வயதுப் பிள்ளைகூட "தெஸ்-பா-சீ-த்தோ" என்று இழுக்கும். ஜூலையில் யாரோ வரிகளை மொழிபெயர்த்துப் படித்துவிட்டார்கள். உடனே அரசு வானொலியும் தொலைக்காட்சியும் பாட்டை நிறுத்திவிட்டன. தனியார் நிலையங்களில் தொடர்ந்து ஓடியது, யூடியூபில் கேட்கவே வேண்டாம்.

டெஸ்பசீத்தோ என்றால் "மெல்ல மெல்ல" என்று பொருள். எதை மெல்ல என்று பாட்டு முழுக்கச் சொல்கிறார்கள். படுக்கையறைப் பாட்டுதான், ஒளித்து மறைத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம். லூயிஸ் ஃபொன்சியோடு உட்கார்ந்து இதை எழுதியவர் எரிகா எண்டர் என்ற பெண், பனாமாவில் பிறந்தவர். ஃபொன்சியும் டாடி யாங்கியும் பாடிய முகங்கள், அவர் பெயர் யாருக்கும் தெரியாது. வீடியோவில் வண்ண வண்ணமாகத் தெரியும் கடலோரக் குடியிருப்பு போர்ட்டோ ரிக்கோவில் சான் ஹுவான் கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கும் லா பெர்லா.

ஜஸ்டின் பீபர் சேர்ந்த பதிப்பு பில்போர்டில் 16 வாரம் முதலிடம். மக்கரேனாவுக்குப் பிறகு 21 வருடம் கழித்துத்தான் பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலான ஒரு பாட்டு அங்கே முதலிடம் வந்தது.

சந்தேகப்பிராணி:

சரி, பொருள் கெட்ட பொருள். அதனால் என்ன? பொருள் தெரியாததால்தான் சுகமாக ஆடுகிறோம். தாளம் போதும். தெலுங்குக் கீர்த்தனைக்குத் தலையாட்டுகிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியே வரக்கூடாது.

தவில்வீட்டுப்பிள்ளை:

சந்தேகம் அண்ணன் சொல்வதை நான் ஒரு பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "தாளம் போதும்" என்கிறவர் அந்தத் தாளத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். இப்படி உட்காருங்கள்.

சல்சா, அதற்கு மூத்த கியூபாவின் சோன், இதற்கெல்லாம் முதுகெலும்பு கிளாவே. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவது. பதினாறு மாத்திரைக்குள் ஐந்தே ஐந்து தட்டு. நம் சொல்லில் போட்டால்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

3, 3, 4, 2, 4. கூட்டினால் 16. ஒவ்வொரு சொல்லும் தொடங்கும் இடத்தில் மட்டும் தட்டுங்கள். அதாவது 1, 4, 7, 11, 13. முதல் பாதியில் மூன்று தட்டு, அடுத்த பாதியில் இரண்டு. சில பாட்டில் பாதிகள் இடம் மாறி இரண்டு தட்டு முதலில் வரும். பாட்டு எந்தப் பாதியில் எடுத்ததோ அதிலேயே கடைசிவரை போக வேண்டும். நடுவில் குறுக்கே போனால் மேடையில் இருக்கிற மற்றவர்கள் முறைப்பார்கள். எங்கள் வீட்டில் தாத்தா முறைப்பது மாதிரி.

இப்போது முதல் பாதியை மட்டும் எடுங்கள். தகிட தகிட தக. 3, 3, 2. டெஸ்பசீத்தோ மாதிரிப் பாட்டுகளின் ரகத்துக்கு ரெகேட்டோன் என்று பேர், அதற்கு இதுதான் அஸ்திவாரம். அடியில் பெரிய டிரம் 1, 5 என்று நேராக நடக்கும். மேலே ஸ்னேர் என்கிற சின்ன டிரம் 4, 7-ல் விழும். டும்-ச டும்-சக். டாடி யாங்கியின் காசொலீனா, டெஸ்பசீத்தோ இரண்டுக்கும் அடியில் ஓடுவது இதுதான். இதற்கு டெம்போ (Dembow) என்று பேர், வேகத்தைச் சொல்கிற டெம்போ இல்லை. ஸ்பானியச் சொல் இல்லை, ஜமைக்காவில் ஷாப்பா ராங்க்ஸ் 1990-ல் பாடிய ஒரு பாட்டின் பெயர். பாட்டின் பெயரே தாளத்தின் பெயராகிவிட்டது.

கோலாலம்பூர் குயிலி:

அட! தகிட தகிட தக என்று சொல்லிக்கொண்டே காசொலீனா போட்டுப் பார்த்தேன். அப்படியே உட்காருகிறது. இருபது வருடமாகக் கேட்கிறேன், இப்போதுதான் காதில் விழுகிறது.

கப்பல்காரன்:

ஜமைக்காவிலிருந்து அது எப்படிப் போர்ட்டோ ரிக்கோ போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் பனாமா. கால்வாய் வெட்ட ஜமைக்கா, பார்படோஸ் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனார்கள். வேலை முடிந்தும் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் ஜமைக்கா பாட்டை ஸ்பானிய மொழியில் பாட ஆரம்பித்தார்கள். எல் ஹெனரால் அவர்களில் பெரிய பெயர். அந்த ஒலி நியூயார்க்குக்கும் சான் ஹுவானுக்கும் போனது. சான் ஹுவானில் பையன்கள் வீட்டிலேயே பதிவு செய்து கேசட்டாகக் கைக்குக் கை மாற்றினார்கள். 1995-ல் போலீஸ் கடைகளில் புகுந்து அந்தக் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. ஆபாசமாம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் டாடி யாங்கி. "காசொலீனா" என்ற வார்த்தை அவர் இருந்த வில்லா கென்னடி குடியிருப்பின் ஜன்னலுக்குக் கீழே யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்தியது. பளபளப்பான காரில் சுற்ற ஆசைப்படுகிற பெண்களைக் கிண்டல் செய்வது. அதைப் பிடித்துப் பாட்டாக்கினார், 2004-ல் வெளியானது. 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது, ரெகேட்டோனில் முதல் பாட்டு. அதே வருடம் டிசம்பரில் அவர் மேடையை விட்டு விலகி இயேசு பக்கம் போய்விட்டார்.

சந்தேகப்பிராணி:

அப்போ தாளம்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. பொருள் போகவில்லை. நான் சொன்னது சரி.

கப்பல்காரன்:

தம்பி, உனக்கு ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் பேசு.

1994. எங்கள் கப்பல் பனாமாவில் கோலோன் துறைமுகத்தில் கிடந்தது. சோப்பும் பிளேடும் வாங்க ஒரு கடைக்குப் போனேன். கடைச் சுவரில் தேர்தல் சுவரொட்டி. கல்லாவில் இருந்த பெரியவர் அந்தப் படத்தைக் காட்டி, பிறகு ரேடியோவைக் காட்டி, இரண்டும் ஒரே ஆள் என்று சைகை செய்தார். ரூபென் பிளேட்ஸ். பாடகர், வக்கீல், ஹார்வர்டில் மேல்படிப்பு. அந்த வருடம் ஜனாதிபதித் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். பின்னால் 2004-லிருந்து ஐந்து வருடம் சுற்றுலா அமைச்சராக இருந்தார்.

ரேடியோவில் ஓடியது "பெத்ரோ நவாஹா". நவாஹா என்றால் மடக்குக் கத்தி. நம் பக்கம் சொன்னால் "சூரிக்கத்தி பேதுரு". வில்லி கொலோனோடு சேர்ந்து 1978-ல் போட்ட "சியெம்ப்ரா" ஆல்பத்தில் இருக்கிறது. ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும். "மேக் த நைஃப்" என்ற பழைய ஜெர்மானிய மேடைப் பாட்டை மனதில் வைத்து எழுதியது. கதையைக் கேள்.

நியூயார்க் தெரு. பேதுரு நடந்து வருகிறான். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு கையும் கோட்டுப் பைக்குள், எந்தக் கையில் கத்தி என்று தெரியக்கூடாது. காலில் ஓட்டத்துக்கான ஷூ, ஏதாவது என்றால் பறக்கலாம். கறுப்புக் கண்ணாடி, சிரித்தால் ஒரு தங்கப் பல். எதிர்ப்பக்கம் ஒரு பெண். அந்தத் தெருவை அவள் அளப்பது ஐந்தாவது முறை, ஒரு வாடிக்கையாளரும் இல்லை. ஒரு கார் மெதுவாகக் கடக்கிறது. போலீஸ் என்று எழுதவில்லை, ஆனால் போலீஸ் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் பழைய கோட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் கைப்பைக்கு மாற்றப் போகிறாள். அந்த நேரத்தில் இவன் பாய்ந்து கத்தியை இறக்குகிறான். சிரித்துக்கொண்டே. அப்போது வெடி. அவனும் விழுகிறான். அவள் சாகும்போது சொல்வது: எனக்கு இன்றைக்கு நாள் சரியில்லை என்று நினைத்தேன், உன் பாடு என்னைவிட மோசம்.

யாரும் வெளியே வரவில்லை. யாரும் கேட்கவில்லை. யாரும் அழவில்லை. ஒரு குடிகாரன் மட்டும் இரண்டு உடல்மேலும் தடுக்கி விழுகிறான். துப்பாக்கி, கத்தி, கிடந்த காசு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு சுருதி விலகப் பாடிக்கொண்டே போகிறான், வாழ்க்கை திடீர் திடீரென்று எதையாவது காட்டும் என்று. அந்தக் குடிகாரன் பாடியதுதான் பல்லவி. அதைத்தான் உலகம் முழுக்க இடுப்பை ஆட்டிக்கொண்டு பாடுகிறார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கடையில் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், நானும் காலால் தாளம் போட்டேன். ஆறேழு வருடம் கழித்து ஒரு கொலம்பிய சமையல்காரர் வரி வரியாகச் சொன்னார். அதற்கப்புறம் எனக்கு அது வேறு பாட்டு.

சந்தேகப்பிராணி:

…கேட்டேன். இரண்டு முறை. துப்பாக்கி வெடிக்கிற இடத்துக்கு முன்னாலேயே டிராம்போன் எரிச்சலாகிறது. சரி அண்ணே, ஒரு பாட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

கோலாலம்பூர் குயிலி:

லம்பாடா பற்றி யாருமே பேசவில்லையே! 1989. குட்டைப் பாவாடை, கடற்கரை, ஒரே சிரிப்பு. பாட்டின் முதல் வரிக்குப் பொருள், என்னை அழவைத்த ஆள் அழுதுகொண்டே போய்விட்டார் என்பது.

இதில் பொருளை விடப் பெரிய வயிற்றெரிச்சல் வேறு. பாட்டு பொலிவியாவுடையது. கொச்சபாம்பாவின் லோஸ் ஹார்காஸ் குழுவில் உலிசெஸ், கொன்சாலோ எர்மோசா சகோதரர்கள் எழுதி 1981-ல் வந்தது. மலைநாட்டு மூங்கில் குழல்களும் சராங்கோ என்கிற சின்னத் தந்திக்கருவியும் வைத்த, மெதுவான, நிஜமாகவே அழுகிற பாட்டு. பெருவில் ஒரு குழு அக்கார்டியன் வைத்துத் துள்ளலாக்கியது. பிரேசிலில் மார்சியா ஃபெரேரா போர்த்துகீசிய மொழியில் பாடினார். பிறகு இரண்டு பிரெஞ்சுத் தயாரிப்பாளர்கள் பிரேசிலின் பாயியா கடற்கரையில் இந்த ஆட்டத்தைப் பார்த்து, பாரிஸில் கவோமா என்று ஒரு குழுவைக் கூட்டி உலகம் முழுக்க விற்றார்கள். எழுதியவர் இடத்தில் ஒரு புனைபெயர். எர்மோசா சகோதரர்கள் வழக்குப் போட்டு உரிமையை வாங்கினார்கள்.

2011-ல் ஜெனிஃபர் லோபஸ் "ஆன் த ஃப்ளோர்" என்று அதே மெட்டோடு வந்தபோது என் மகள் "புதுப் பாட்டும்மா" என்றாள். பொலிவியாக்காரர்களின் பதிவைத் தேடிப் போட்டேன். அரை நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். நீங்களாவது கேளுங்கள்.

நடுவர்:

பரிந்துரை கேட்டவரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். சண்டை இல்லாததால் விட்டுவைக்கிறேன்.

எசப்பாட்டு:

இழையை இன்றுதான் பார்த்தேன். சண்டை இல்லை என்றால் நான் ஒன்று கொண்டுவருகிறேன்.

கொலம்பியாவின் வடக்கில் வயெதுப்பார் பக்கத்து இசை வயெனாத்தோ. மூன்றே கருவிகள். அக்கார்டியன், காஹா என்கிற சின்ன முரசு, குவச்சராக்கா என்கிற சுரண்டு குச்சி. அங்கே இரண்டு அக்கார்டியன்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டாலேயே ஒருவரை ஒருவர் கிழிப்பார்கள். நம் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி மாதிரி. அங்கே பிக்கெரியா என்கிறார்கள்.

எமிலியானோ சுலேத்தா என்று ஒருவர், லொரென்சோ மொராலெஸ் என்று இன்னொருவர். ரொம்ப நாளாக வாய்ச்சண்டை. உருமித்தா என்ற ஊரில் ஒரு நாள் மோத வேண்டியது. விடிந்து பார்த்தால் மொராலெஸ் ஊரில் இல்லை. சுலேத்தா விடுவாரா? பயந்து ஓடிவிட்டான் என்று 1938-ல் ஒரு பாட்டு கட்டினார், "லா கோத்தா ஃப்ரியா". மொராலெஸின் நிறத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, அந்த வரி இன்றைக்கும் கேட்க நன்றாயில்லை. மொராலெஸ் பதில் பாட்டு கட்டினார். ஜெயித்தது சுலேத்தாவின் பாட்டுதான், அதில் மொராலெஸின் நியாயம் ஒரு வரி கிடையாது.

1993-ல் கார்லோஸ் வீவெஸ் டிரம்ஸ், கிட்டார் எல்லாம் சேர்த்துப் பாடி அதை ஸ்பானிய உலகம் முழுக்கக் கொண்டுபோனார். விஷயம் தெரியுமா, இரண்டு பேரும் பின்னால் நண்பர்களாகிவிட்டார்கள். சுலேத்தா 93 வயதில் 2005-ல் போனார், மொராலெஸ் 97 வயதில் 2011-ல். திட்டு வாங்கியவர் கிட்டத்தட்ட ஆறு வருடம் கூட இருந்திருக்கிறார், வயதிலும் திட்டியவரை முந்திவிட்டார். இதையும் ஒரு பதில் பாட்டாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தவில்வீட்டுப்பிள்ளை:

எங்கள் வீட்டில் இரண்டு பெரியப்பாக்கள் இப்படித்தான். ஒரே பந்தலில் வாசிக்க மாட்டார்கள். ஒருவர் இறந்தபோது மற்றவர்தான் தோளில் தவிலை மாட்டிக்கொண்டு முன்னால் போனார்.

பேருந்துஜன்னல்:

எல்லாருக்கும் நன்றி. பட்டியலில் எழுதிக்கொண்டேன். ஆனால் கொலை, துரோகம், திருட்டு, வசவு என்று போகிறது. நாலாம் வகுப்புக்குச் சொல்லக்கூடியதாக ஒன்றாவது?

கோலாலம்பூர் குயிலி:

செலியா குரூஸ், "லா விதா எஸ் உன் கர்னவால்", 1998. வாழ்க்கை ஒரு திருவிழா, அழாதே, பாடினால் துயரம் போகும் என்கிற பாட்டு. தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் பாடினவர் யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஹவானாவில் பிறந்தவர். 1960-ல் கச்சேரிக்கு வெளியே போனவர் திரும்பவில்லை. 1962-ல் அம்மா இறந்தபோது உள்ளே வர அரசு அனுமதிக்கவில்லை. 1990-ல் குவாந்தானமோவில் உள்ள அமெரிக்கத் தளத்துக்குப் பாடப் போனவர் ஒரு பிடி கியூபா மண்ணை எடுத்துக்கொண்டார். 2003-ல் நியூ ஜெர்சியில் இறந்தார், அந்த மண்ணோடு புதைத்தார்கள். மேடையில் "அசூகார்!" என்று கத்துவாரே, சர்க்கரை என்று பொருள். மயாமியில் ஓர் உணவுவிடுதிப் பணியாள் "காபிக்குச் சர்க்கரை வேண்டுமா" என்று கேட்டானாம். நீயும் கியூபாக்காரன், நம் காபி என்ன கசப்பு என்று தெரியாதா, சர்க்கரை போடுப்பா என்றாராம். மேடையில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த ஒரு வார்த்தை மட்டும் நின்றுவிட்டது.

சந்தேகப்பிராணி:

திருவிழா என்று பாடினவருக்கு ஊர்த் திருவிழா கிடைக்கவில்லை. அக்கா, காலங்காத்தாலே ஏன் இப்படி.

பேருந்துஜன்னல்:

ஆண்டு விழா முடிந்தது. மக்கரேனா நன்றாகப் போனது, ஒரு பையன் மட்டும் எல்லாரும் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் திரும்பினான், கைதட்டல் அவனுக்குத்தான் அதிகம். வீட்டுக்கு வரும் வழியில் குழந்தையிடம் செலியா கதையைச் சொன்னேன், காபி பாகம் வரை. இப்போது வீட்டில் யார் காபி கேட்டாலும் "அசூகார்!" என்று கத்துகிறாள். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, அவர் காபிக்கும் கத்துகிறாள்.

தவில் தம்பி, பஸ்ஸில் தொடையில் தட்டிப் பார்த்தேன். 1, 4, 7 வந்துவிடுகிறது. 11-ல் தடுக்குகிறது. ஒவ்வொரு முறையும் கை 10-லேயே விழுந்துவிடுகிறது.

தவில்வீட்டுப்பிள்ளை:

10-ல் எல்லாருக்கும் விழும் அண்ணே. மூன்று மூன்றாகப் போன கை அடுத்ததும் மூன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறது. எண்ணாதீர்கள், வாயால் சொல்லுங்கள். தகிட, தகிட, அப்புறம் தகதிமி. அந்த "மி" முடிகிறவரை கையை மேலேயே பிடித்திருங்கள்.